வாங்க, மோட்டாரைக் கழட்டலாம்!

கல்லாவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரிவது ஒரு மேசை, ஒரு பில் புக், மாலை போட்ட பிள்ளையார் படம், அவ்வளவுதான். "மோட்டாரை எறக்கி வெச்சுட்டுப் போங், நாளானிக்கு வாங்" என்பதோடு அவர்களுடைய வேலை முடிந்தது. மேசைக்குப் பின்னால் தொங்கும் அழுக்குத் திரைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு நெடுநாளாக ஆசை. மேஸ்திரி ஒருவழியாகத் தலையை ஆட்டிவிட்டார். "உள்ள வாங். ஆனா எதையும் தொட்டுப்போடாதீங். எதுல கரண்ட் ஓடுது, எதுல ஓடலைன்னு எங்களுக்கே சில சமயம் தெரியாது!"

கேட்டீர்களா? சரி, பயப்படாமல் என் பின்னாலேயே வாருங்கள்.

நாம் நிற்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சிற்றூர் தாலுகா. ஊர் கேரளத்தில்தான் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் கேட்பது கொங்குத் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், வயலில் கரிசல் மண். இந்தப் பக்கம் வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர்ச் சாலை, அந்தப் பக்கம் கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. நடுவில் தென்னை, காய்கறி, கிணறு, போர். கிணறும் போரும் இருந்தால் மோட்டார் இருக்கும். மோட்டார் இருந்தால் அது என்றாவது எரியும். எரிந்தால் அது வந்து சேருமிடம், இதோ, இந்தக் காயில் கட்டும் கடை.

திரையை விலக்கியதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. கருகிய வார்னிஷ், கிரீஸ், ஏலக்காய் டீ மூன்றும் கலந்து வருகிறது. அடுத்து பாதத்துக்கு: வெட்டிப்போட்ட செம்புக் கம்பித் துணுக்குகள் செருப்பையும் மீறிக் குத்துகின்றன. சுவரோரம் செத்துப்போன மோட்டார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் சாக்பீஸ் எழுத்து. "எருத்தேன்பதி, 5 எச்.பி., அவசரம்." "வடகரப்பதி, ஏழரை, ரொம்ப அவசரம்." "கல்யாண வீடு, இன்னிக்கே." அவசரம் என்று எழுதாத மோட்டார் ஒன்றுகூட இல்லை.

உட்கார நாற்காலி கிடையாது. உள்ளே எதுவும் இல்லாத காலி ஸ்டேட்டர் (மோட்டாரின் சுற்றாத வெளிப்பகுதி) ஒன்றின் மேல் சாக்கை மடித்துப் போட்டுத் தருகிறார்கள். அதுதான் விருந்தாளி ஆசனம். எஃப்.எம்.மில் மலையாளப் பாட்டு. வியர்வை முதுகில் கோடு போட்டு இறங்குகிறது. மேலே பார்க்கிறேன், சீலிங் பேன் அசையாமல் தொங்குகிறது.

"அதுவா? காயில் போச்சுங்" என்கிறார் மேஸ்திரி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "கட்டறதுக்கு நேரமெங்க இருக்குது?"

ரோட்டருக்குள் ஒன்றுமே இல்லையே!

இன்றைக்கு மேசை ஏறியிருப்பது 5 எச்.பி. மோனோபிளாக். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டது, தோட்டத்துக்காரர் கவனிக்கவில்லை. மீதி இரண்டு பேஸில் முக்கி முனகி ஓடிப் பார்த்து, சூடேறிக் கருகிவிட்டது. வாரத்துக்கு வாரம் வரும் கதையாம். கடைப் பையன், பதினெட்டு வயது இருக்கும், மூடியைக் கழற்றும் முன் மூடியிலும் பாடியிலும் சேர்த்து ஒரு புள்ளி குத்துகிறான். திரும்ப மாட்டும்போது இரண்டு புள்ளியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். பேரிங்குக்குப் புல்லரை மாட்டித் திருகுகிறான். பிறகு உள்ளே சுற்றுகிற ரோட்டரை இரண்டு கையாலும் அணைத்து மெல்ல வெளியே இழுக்கிறான்.

நான் எதிர்பார்த்தது நிறைய கம்பிச் சுருள். வந்ததோ மொழுமொழுவென்று ஓர் இரும்பு உருளை. அதில் ஒரு வயர்கூட இல்லை! வெளியிலிருந்து எந்த இணைப்பும் அதற்குப் போகவில்லை. பிறகு எது அதைச் சுற்ற வைக்கிறது?

மேஸ்திரி சாக்பீஸால் தரையில் வட்டம் போடுகிறார். சுற்றியிருக்கிற காயில்களில் மூன்று பேஸும் முறை வைத்து ஏறி இறங்கும்போது காந்தப்புலம் வட்டமாக ஓடுகிறது, நிமிடத்துக்கு 3000 சுற்று. ரோட்டருக்குள் இரும்போடு இரும்பாக அலுமினியப் பட்டைகள் மறைந்திருக்கின்றன. அவற்றை மட்டும் தனியே எடுக்க முடிந்தால் கையில் ஒரு கிளிக்கூண்டு இருக்கும். ஓடுகிற புலத்தைப் பிடிக்க அந்தக் கூண்டு துரத்துகிறது. ஆனால் ஒருநாளும் பிடிப்பதில்லை. பெயர்ப் பலகையைப் பாருங்கள், 2880 என்றுதான் போட்டிருக்கிறது. "புடிச்சுப் போட்டா அப்பறம் இழுவை இருக்காதுங். துரத்தற வரைக்கும்தான் வேலை" என்கிறார்.

தரையில் படம் போட்டு மோட்டாரை விளக்கியவர் இவர் மட்டுமில்லை. 1882-ல் புடாபெஸ்ட் பூங்காவில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது இந்தச் சுழலும் காந்தப்புலம் பளிச்சென்று மனத்தில் தோன்றியதாகவும், அங்கேயே குச்சியால் மண்ணில் வரைந்து காட்டியதாகவும் நிக்கோலா டெஸ்லா பின்னாளில் சொன்னார். இத்தாலியின் டூரின் நகரத்தில் கலிலியோ பெராரிஸ் தனியாக அதே யோசனைக்கு வந்து, 1885-ல் ஒரு சிறு மாதிரியைச் சுற்றவிட்டுப் பார்த்தார். 1888-ல் இருவர் சொன்னதும் வெளியே வந்தது. அடுத்த ஆண்டே பெர்லினில் ஏ.இ.ஜி. கம்பெனியில் இருந்த ரஷ்யப் பொறியாளர் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மூன்று பேஸில் ஓடும் கூண்டு ரோட்டரைச் செய்துவிட்டார். இப்போது பையன் சாக்கின் மேல் உருட்டிவிட்டிருக்கிற ரோட்டர் அந்த 1889-ன் நேர் வாரிசு. அதற்கு இந்த வம்சப் பெருமையெல்லாம் தெரியாது. "அதுல சேறு அப்பிக் கெடக்குது, தொடைடா" என்று மேஸ்திரி அதட்டுகிறார்.

டீ நேரத்தில் ஒரு கண்காட்சி

டீ வந்ததும் உளி ஓய்கிறது. பையனுக்கு வித்தை காட்டும் ஆர்வம் வந்துவிட்டது. ஒரு பென்சில் செல், பொம்மையில் இருந்து கழற்றிய பளபளப்பான வட்டக் காந்தம், கழிவில் கிடந்த ஒரு சாண் செம்புக் கம்பி. காந்தத்தின் மேல் செல்லை நிறுத்தி, கம்பியை இதய வடிவில் வளைத்துச் செல்லின் தலையில் உட்கார வைக்கிறான். இரண்டு நுனியும் கீழே காந்தத்தை உரசுகிற மாதிரி. எல்லோரும் டீ கிளாஸை ஏந்தியபடி குனிந்து பார்க்கிறோம். ம்ஹும். அசையவே இல்லை.

"இனாமலைச் சுரண்டுனியாடா?" என்கிறார் மேஸ்திரி, டீயை உறிஞ்சியபடி.

நாக்கைக் கடித்துக்கொள்கிறான். வைண்டிங் கம்பிக்குக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் கரண்ட் ஏறாது. பிளேடால் மேல் முனையையும் கீழ் நுனிகளையும் சுரண்டி மறுபடி வைக்கிறான். கம்பி ஒரு துள்ளு துள்ளிக் கிறுகிறுவென்று சுற்றத் தொடங்குகிறது! கடையே கைதட்டுகிறது. நாள் முழுக்க மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள், ஒரு சாண் கம்பி சுற்றுவதற்குக் கைதட்டுகிறார்கள்!

உலகத்தின் முதல் மோட்டாருக்கும் இதே வரவேற்புதான் கிடைத்தது. 1820-ல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டு சொன்னார். மறு ஆண்டு செப்டம்பரில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் நிலவறையில் மைக்கேல் பாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவே காந்தத்தை மெழுகால் நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டார். பாட்டரியை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாரடேக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம். கூடவே மனைவியின் தம்பி, ஜார்ஜ் என்ற பையன். இரண்டு பேரும் மேசையைச் சுற்றி ஆடினார்களாம். ஆட்டம் முடிந்ததும் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு குதிரை சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார் பாரடே.

பாரடே காலேஜ் படித்தவரில்லை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் திறந்து படித்தே அறிவியலுக்கு வந்தவர். கம்பி சுற்றியதை அவசர அவசரமாக எழுதி அச்சில் வெளியிட்டதில் ஒரு சங்கடம் வந்தது. இதே சிந்தனையில் இருந்த மூத்த விஞ்ஞானி வோலஸ்டனின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனாலும் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுக்குச் சிறிய மாதிரிகளைச் செய்து ஐரோப்பாவில் இருந்த விஞ்ஞானிகளுக்கு அனுப்பி வைத்தார். நீங்களே சுற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்கிற தெம்பு!

குதிரையை விற்ற கொல்லர்

டீ முடிந்ததும் எரிந்த காயிலை எடுக்கிற வேலை. உளியை வைத்து ஒருபக்கத் தலையை வெட்டி, மறுபக்கத்திலிருந்து குறடால் இழுக்கிறார்கள். கருகிய கற்றை வெளியே வந்ததும் மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். இங்குதான் கடை சற்று அமைதியாகிறது. எஃப்.எம்.மின் சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டார்கள். ஒரு காயிலில் எத்தனை சுற்று என்று ஒவ்வொரு கம்பியாக எண்ண வேண்டும். ஒன்று பிசகினாலும் மோட்டார் சூடேறும், அல்லது இழுக்காது. மைக்ரோமீட்டரில் கம்பியின் கேஜைப் பார்த்து, ஓரம் நைந்துபோன ஒரு நோட்டில் எழுதுகிறார். அந்த நோட்டில் இந்த வட்டாரத்து மோட்டார்களின் ஜாதகமே இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லையாம். எனக்கு ஒரு பக்கம் மட்டும் காட்டினார். எல்லாம் எண்கள், நடுவில் ஒரு மளிகைக் கணக்கு.

அடுத்து ஸ்டேட்டரின் காடிகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் இன்சுலேஷன் காகிதத்தை மடித்துச் செருகுகிறார்கள். மரக்கட்டை அச்சை மாட்டிய கைச் சுற்று மெஷினில் புதுக் கம்பி ஏறுகிறது. கைப்பிடியைச் சுற்றுகிற வலது கையும், கம்பியை இழுத்துப் பிடிக்கிற இடது கையும், எண்ணுகிற உதடும் ஒரே தாளத்தில். நடுவே யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தது. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது. "நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி மூணு, அந்தப் போனை அமத்துடா, நாப்பத்தி நாலு..."

எனக்கு அந்தக் கம்பிப் பூச்சின் மேல்தான் கண். இன்று கடையில் கிலோக் கணக்கில் விற்கும் பூசிய கம்பிக்கு, தொடக்கத்தில் எத்தனை பாடு! அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துக் கிராமக் கொல்லர் தாமஸ் டேவன்போர்ட். 1833-ல் ஓர் இரும்புச் சுரங்கத் தொழிற்சாலையில் விஞ்ஞானி ஜோசப் ஹென்றியின் முறையில் செய்த மின்காந்தம் ஒன்றைப் பார்க்கிறார். சின்னக் காந்தம், கனத்த இரும்பைத் தூக்குகிறது. வேண்டும் என்றால் வேண்டும். சகோதரரின் குதிரையை விற்றுப் பணம் திரட்டி அதை வாங்கி வந்தார். வந்ததும் செய்த முதல் வேலை, அதைப் பிரித்துப் போட்டதுதான். இவர் சுற்றுச் சுற்றாகக் கம்பியை அவிழ்க்க, மனைவி எமிலி பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சுற்று எப்படிப் போகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். பிறகு தாங்களே ஒன்று செய்யும்போது, பூச்சுக்குப் பதிலாகக் கம்பியின் மேல் சுற்ற எமிலியின் கல்யாணப் பட்டுப் புடவைக்கு, அதாவது அந்த ஊர்ப் பட்டு உடைக்கு, கத்தரி விழுந்தது என்று கதை சொல்வார்கள். 1834-ல் மோட்டார் சுற்றியது. 1837 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

இதைச் சொல்லிக்கொண்டே வருகிறேன், மேஸ்திரி கையை நிறுத்திவிட்டார். "குதிரையை வித்தா வாங்குனாரு? அப்பவே எச்.பி. கணக்குத்தானுங்!" கடை குலுங்கிச் சிரிக்கிறது. சிரித்து முடித்ததும் முகம் மாறுகிறது. "அட... எத்தனையில நிறுத்துனேன்?"

நாப்பத்தி ஏழு என்று பையன் சொல்லிக் காப்பாற்றினான்.

சேறு பூசின செருப்போடு ஒருவர்

பத்தரை மணிக்குத் திரையைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார் மோட்டாரின் சொந்தக்காரர். அவருக்குக் கல்லாவெல்லாம் தடையில்லை, ஒருவகையில் சொந்தமாம். "ஏனுங் மாப்ளே, இன்னும் காயிலே ஏத்தலையா? தென்னை காயுதுங். இன்னிக்குத் தண்ணி கட்டோணும்."

"மாமா, ஒக்காருங். டீ சொல்றேன்."

"டீயைக் குடிச்சுத் தென்னை பொழைக்குமா?"

அவருடைய பதற்றம் நாடகமில்லை. கேரளம் என்றதும் நமக்கு நினைவு வரும் மழை இந்தக் கிழக்கு ஓரத்துக்கு அவ்வளவாக வருவதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சிற்றூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாடு விட வேண்டும். அந்தக் கணக்கில் வருகிற தண்ணீரும் எல்லா வயலுக்கும் எட்டுவதில்லை. மிச்சத்துக்குக் கிணறுதான். இவருடைய தாத்தா காலத்தில் கவலை ஓட்டினார்களாம். ஜோடி மாடு பின்னால் வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், முன்னால் போனால் தண்ணீரோடு ஏறும். "விடியக்காலம் மூணு மணிக்குப் பூட்டுனா வெயில் ஏறுமுட்டும் ஓட்டோணும். மாடு அசந்து போயிரும், மனுசன் அசரப்படாது" என்று சொல்லிவிட்டுப் பட்டன் அமுக்குகிற மாதிரி காற்றில் விரலை வைக்கிறார். "இப்ப இவ்வளவுதான்."

அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன், ரொம்ப ரசித்தார். மோட்டார் என்ற சாமான் உலகத்துக்கு முன்னால் பெரிய மேடை ஏறியபோது செய்து காட்டிய வேலை எது தெரியுமா? தண்ணீர் இறைத்ததுதான்! 1873-ல் வியன்னாவில் உலகக் கண்காட்சி. கிராம் என்பவரின் டைனமோக்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் வயரை, சும்மா நின்ற இன்னொன்றோடு இணைத்ததும் அது தானாகச் சுற்றத் தொடங்கியது. யாரோ தவறாக மாட்டிவிட்டதில் நடந்தது என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, கரண்ட் தரும் மெஷினுக்கே கரண்டைக் கொடுத்தால் அது மோட்டார் என்பது எல்லோர் கண் முன்னாலும் தெரிந்துபோனது. பிறகு அதில் ஒரு பம்பை மாட்டிச் செயற்கை அருவியை ஓட விட்டார்கள்.

1891-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியிலும் அதே ஆட்டம், இன்னும் பெரிதாக. 175 கிலோமீட்டர் தள்ளி லவுபன் என்ற ஊரில் ஆற்று நீரில் எடுத்த மூன்று பேஸ் கரண்டைக் கம்பி வழியே கொண்டுவந்து, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவிக்கு மோட்டாரால் தண்ணீர் ஏற்றினார்கள்.

"அப்ப அங்கீமு மொதல்ல பம்புசெட்டுத்தான்!" என்று தொடையைத் தட்டுகிறார் மாமா. "ஆனா தண்ணியை ஏத்திச் சும்மா கீழ உட்டுருக்கறானுக. ஒரு வாய்க்கா வெட்டி உட்டிருந்தா நாலு தென்னை பொழைச்சிருக்கும்."

பீளமேட்டுக்கு ஓர் எட்டு

கடையில் பேரிங் தீர்ந்தால், கம்பி தீர்ந்தால், எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறது. காலையில் போனில் சொன்னால் மத்தியானம் கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து பார்சல் இறங்கும். அதனால் நம் கதையும் அந்த பஸ்ஸில் ஏறி ஒருமுறை போய்வருவது நியாயம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோயம்புத்தூரில் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து, காசு சேர்த்து, அதையே வாங்கினார். வாங்கினவர் ஜம்மென்று ஓட்டித் திரிந்திருக்கலாம். இவரோ அக்கக்காகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். வெர்மான்ட் கொல்லருக்கும் கலங்கல்காரருக்கும் ஒரே வியாதி! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கியதுதான் அவருடைய யு.எம்.எஸ். பஸ் கம்பெனிக்கு முதல் படி.

1932-ல் நீலகிரியின் பைக்காராவில் மின்சாரம் பிறந்தது. மலையிலிருந்து கோயம்புத்தூருக்குக் கம்பி இறங்கியதும் மில்கள் பெருகின, கிணறுகளுக்கு மோட்டார் ஆசை வந்தது. வெளிநாட்டு மோட்டாருக்குக் காசு கொடுத்து மாளுமா? 1937-ல் கோயம்புத்தூரின் பீளமேட்டில் டி. பாலசுந்தரமும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து ஒரு மோட்டாரைச் செய்து ஓட்டினார்கள். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். இன்று பம்பு என்றால் கோயம்புத்தூர், மாவரைக்கும் கிரைண்டர் என்றால் கோயம்புத்தூர். அவிநாசி சாலையில் நாயுடு பெயரில் இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் சாமான்களைப் பார்க்கலாம். தொட முடியாது. எனக்கோ தொட்டுக் கையைக் கறுப்பாக்கிக்கொள்கிற இந்தக் கொழிஞ்சாம்பாறைக் கடைதான் பிடித்திருக்கிறது.

மோட்டாரைக் கண்டுபிடித்தது யார் என்று ஒரு பெயரைக் கேட்டால் சொல்ல வராது. ஆனால் அந்தப் பட்டியலில் வருகிற ஆட்களை வரிசையாக நிறுத்தினால் எல்லோருக்கும் ஒரே குணம். பார்த்ததைப் பார்த்தபடி விட்டுவைக்க மாட்டார்கள், கழற்றிப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

மலை மேல் காதில் ஸ்குரூடிரைவர்

அந்தக் குணத்தை இன்னொரு இடத்திலும் பார்க்க, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று மலையேறி மூணாறுக்கு வந்தாயிற்று. இங்கேயும் வாசலோடு திரும்புகிற ஆட்கள் நாமில்லை! ஒரு டீ பேக்டரியின் பின்கதவு நமக்காகத் திறக்கிறது. உள்ளே பச்சைக் கொழுந்தின் வாசம் தலையைக் கிறக்குகிறது. வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் பேன்கள், அரைக்கிற மெஷின்கள், சலிக்கிற மெஷின்கள், எல்லாவற்றின் காலடியிலும் உறுமுகிற மோட்டார்கள். அவற்றின் முதுகிலெல்லாம் டீத்தூசி படிந்து கம்பளம் போர்த்தியிருக்கிறது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிறார். தாத்தா காலத்தில் தேனிப் பக்கமிருந்து வந்த குடும்பம், பிறந்தது எஸ்டேட் லயத்தில். நீளமான ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து அதன் நுனியை ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொள்கிறார். கண்ணை மூடுகிறார். "இது நல்லாருக்கு." அடுத்தது. "இதுவும் நல்லாருக்கு." மூன்றாவதில் முகம் சுளிக்கிறது. "இந்தா, நீங்க கேளுங்க."

வாங்கிக் காதில் வைத்தால், ஆஹா! பேக்டரி இரைச்சலெல்லாம் எங்கோ போய்விட்டது. சீரான ஒரு ரீங்காரம், அதற்குள் கரகரவென்று ஒரு முணுமுணுப்பு. குண்டு தேய்ந்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது மாற்ற வேண்டுமாம். "டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் வாங்கக் காசு வேணும். நமக்கு இது போதும்" என்று அதைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

இந்த மலைக்கு மின்சாரம் வந்த கதையும் நீண்டது. கண்ணன் தேவன் கம்பெனி 1910 வாக்கிலேயே இங்கே 200 கிலோவாட் அளவில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் நடத்தியது. நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கிற டீ மியூசியத்தில், கன்னிமலை எஸ்டேட் மின்நிலையத்தில் 1920-களில் சுற்றிய பெல்டன் சக்கரத்தை வைத்திருக்கிறார்கள். கிண்ணம் கிண்ணமாகக் கோத்த அந்தச் சக்கரத்தை டூரிஸ்டுகள் செல்பிக்குப் பின்னணியாக்கிக்கொண்டு நகர்கிறார்கள். பிறகு 1940-ல் முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரை மலைச்சரிவில் குழாய் வழியே இறக்கிப் பள்ளிவாசல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. திருவிதாங்கூர் அரசின் முதல் பெரிய நீர்மின் திட்டம், இன்றைய கேரளத்துக்கும் அதுதான் முதல். படிப்படியாக வளர்ந்து 37.5 மெகாவாட் ஆனது.

வியன்னாவிலும் பிராங்க்பர்ட்டிலும் மோட்டாரை வைத்து அருவியை உண்டாக்கிக் காட்டினார்கள். மூணாறு இருக்கிற இடுக்கியில் அருவிக்குப் பஞ்சமா? இங்கே அருவியை வைத்து மோட்டாரை ஓட்டினார்கள்.

ரெண்டு வயரை மாத்திக் கட்டு

கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினால் நம் 5 எச்.பி. புது மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறது. காயில்கள் காடிகளில் இறங்கிவிட்டன. வெளியே துருத்தாமலிருக்க ஒவ்வொரு காடி வாயிலும் மெல்லிய மூங்கில் குச்சி செருகியிருக்கிறது. ஆயிரம் பிளாஸ்டிக் வந்தாலும் மூங்கிலைத்தான் நம்புகிறார் மேஸ்திரி. தலைகளை நாடாவால் இழுத்துக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, முற்றத்து வெயிலில் காய வைத்தாயிற்று. வெயில் மட்டும் இந்த ஊரில் இலவசம்.

பக்கத்து மூலையில் இன்னொரு கூத்து. சப்மெர்சிபிள் மோட்டார். நீளமான குழாயாகப் படுத்திருக்கிறது. அதில் காயிலைச் சுற்றிக் கொண்டுவந்து வைக்க முடியாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒருவர் இந்தப் பக்கமிருந்து நுழைக்க, மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இழுத்துத் திருப்பி அடுத்த காடியில் அனுப்ப, ஒவ்வொரு சுற்றும் கையாலேயே. நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற இருவருக்குள் முந்தாநாள் கிரிக்கெட்டில் ஏதோ தகராறாம். பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் கம்பி மட்டும் ஒரு நொடி பிசகாமல் போய்வருகிறது.

இப்போது பரீட்சை. முதலில் சீரிஸ் லேம்ப், பாடியில் தொட்டால் பல்பு எரியக் கூடாது. எரியவில்லை. ரோட்டரை நுழைத்து, புள்ளிக்குப் புள்ளி வைத்து மூடியை மாட்டி, ஸ்டார்ட்டரோடு இணைக்கிறார்கள். எல்லோரும் ஓரடி பின்னால். பச்சைப் பட்டன். ஊம்ம்ம் என்று ஒரு குரல் எழும்பி, சீராகிறது.

"தலைகீழா சுத்துதுங்ணா!" என்கிறான் பையன்.

"ரெண்டு வயரை மாத்திக் கட்டு."

மூன்றில் ஏதோ இரண்டை இடம் மாற்றினான், மோட்டார் நேராகச் சுற்றியது. டெஸ்லா மண்ணில் வரைந்த சுழலும் புலத்தைத் திசை திருப்ப இவ்வளவுதான் வேலை!

மாமாவின் குட்டியானை வண்டியில் மோட்டாரோடு நாமும் ஏறிக்கொண்டோம். கிணற்றுப் படியில் இறக்கிப் பூட்டி, குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, பட்டனைத் தட்டியதும் குழாய் இரண்டு முறை இருமியது, செம்மண் நிறத்தில் கக்கியது, பிறகு தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. "ரெண்டரை இஞ்சு குறையாம வருது" என்று மாமா முகம் மலர்ந்தார்.

அந்த மலர்ச்சி பில்லைப் பார்க்கும்வரைதான். "காயில் கூலி சரி, கம்பி சரி. என்ற பழைய செம்பு எங்க? அதைக் கழிச்சீங்களா?" எரிந்த காயிலானாலும் செம்பு செம்புதான், எடைக்குப் போட்டால் காசு. அது கடைக்காரருக்கா, மோட்டார்க்காரருக்கா என்பது இந்த ஊரில் இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. பேச்சு வளர்ந்தது. சமாதானப்படுத்தலாம் என்று நான் நடுவில் புகுந்து டேவன்போர்ட்டின் மிச்சக் கதையைச் சொன்னேன். நீராவியோ கரியில் ஓடியது, பாட்டரியோ துத்தநாகத்தைத் தின்றது. நிலக்கரி மலிவு, துத்தநாகம் விலை. அந்தக் கணக்கில் கொல்லரின் மோட்டார் தோற்றது. 1838-ல் நேவா ஆற்றில் ஆட்களை ஏற்றி மோட்டார் படகு விட்ட யாக்கோபியும் அந்தக் கணக்கைத் தாண்ட முடியவில்லை. டேவன்போர்ட் திவாலாகி, 1851-ல் ஐம்பது நிரம்பும் முன்பே இறந்துபோனார். காசா பெரிது, மாமா?

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பில் புக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கண்டுபுடிச்சவருக்கே கணக்கு ஒதைச்சுதுங்கறீங்க. அப்ப காயில் கட்டறவன் செம்பை உட்டுக் குடுக்கலாமுங்களா?"